இருவராக ரூட் 66: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் மனைவியும் சிகாகோவில் காரை எடுத்து, ரூட் 66 வழியாகச் சாண்டா மோனிகா கடற்கரை வரை போனோம். வந்ததிலிருந்து நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து வருகிற தம்பதிகளையும், அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு "ஒருநாள் போகணும்" என்று தள்ளிப்போடுகிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்தச் சாலையில் மெதுவாகப் போங்கள். முழுத் தூரத்தையும் அவசரமாக ஓட்டி முடிப்பதைவிட, பாதித் தூரத்தை நின்று நின்று பார்ப்பது மேல்.

ரூட் 66 என்பது சரியாக எது? இப்போதும் இருக்கிறதா?

சாலை இருக்கிறது, அரசின் நெடுஞ்சாலைப் பட்டியலில் அந்த எண்தான் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு எண் கொடுக்கும் திட்டம் 1926 நவம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைத்த சாலைக்குக் கிடைத்த எண் 66. ஓக்லஹோமாவின் டல்சா நகரைச் சேர்ந்த சைரஸ் ஏவரி என்பவர் இந்தப் பாதைக்காக மிகவும் உழைத்தார். அவர் முதலில் கேட்டது 60 என்ற எண்ணை. கென்டக்கி மாநிலம் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிப் பேசி, யாரும் உரிமை கோராத 66-ஐ எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகமே அறிந்த எண் அப்படி வந்ததுதான்.

இல்லினாய், மிசௌரி, கான்சஸ், ஓக்லஹோமா, டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிஃபோர்னியா என எட்டு மாநிலங்கள், மூன்று நேர மண்டலங்கள். தொடக்கத்தில் இருந்த நீளம் 2,448 மைல், அதாவது சுமார் 3,940 கி.மீ. முழுவதும் தார், கான்கிரீட் போட்டு முடிக்க 1938 ஆனது. 1930-களின் வறட்சியிலும் புழுதிப் புயலிலும் நிலத்தை இழந்த குடும்பங்கள், தட்டுமுட்டுச் சாமான்களைப் பழைய கார்களின் தலையில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனது இதே வழியில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடுத்தரக் குடும்பங்கள் விடுமுறைக்குப் புறப்பட்டன. மோட்டல்கள் எனப்படும் சாலையோரத் தங்கும் விடுதிகளும் நியான் பலகைகளும் பெருகியது அப்போது.

1956-இல் இன்டர்ஸ்டேட் எனப்படும் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. நான்கு வழிச் சாலைகள் ஊர் ஊராக ஒதுக்கிவிட்டுப் போயின. கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் அரிசோனாவின் வில்லியம்ஸ். அது நடந்தது 1984 அக்டோபர் 13. அடுத்த ஆண்டு ஜூனில் 66 என்ற எண்ணையே அரசு விலக்கிக்கொண்டது. பழைய சாலையில் எண்பத்தைந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் இன்றும் ஏதோ ஒரு பெயரில் ஓட்ட முடிகிறது என்று சாலைப் பிரியர்கள் சொல்வார்கள். எங்கள் அனுபவமும் ஏறக்குறைய அதுதான்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

முழுத் தூரத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம். மூன்று வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 200 மைலுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். இன்டர்ஸ்டேட்டில் 200 மைல் என்பது மூன்று மணி நேரம். பழைய சாலையில் அது ஒரு முழு நாள், ஏனென்றால் ஒவ்வொரு ஊரின் கடைத்தெரு வழியாகவும் அது போகிறது. பழைய பெட்ரோல் பங்க், சுவரோவியம், சின்ன அருங்காட்சியகம், அங்கே பேச ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்று எதையாவது கண்டு நிறுத்துவீர்கள். நிறுத்தத்தான் வேண்டும்.

பத்து நாளுக்குள் முழுவதையும் முடித்துவிடலாம் என்று சொல்கிற பயணத் திட்டங்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாதி நாள் ஐ-40 என்ற இன்டர்ஸ்டேட்டில்தான் ஓடும்.

வழியை எப்படிக் கண்டுபிடிப்பது? மேப்பில் "ரூட் 66" என்று போட்டால் போதாதா?

போதாது. முதல் தடவை போகிறவர்களுக்குச் சிரமம் தருவது இதுதான். செல்போன் மேப் எப்போதும் வேகமான வழியைத்தான் காட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்களை இன்டர்ஸ்டேட்டுக்கு இழுக்கும். அதோடு ரூட் 66 ஒரே கோடும் கிடையாது. அறுபது ஆண்டுகளில் பல இடங்களில் பாதையை மாற்றியிருக்கிறார்கள். நியூ மெக்சிகோவில் 1937 வரை சாலை வடக்கே சாண்டா ஃபே வரை ஏறி இறங்கியது. பிறகு நேராக ஆல்புகர்கிக்கு வந்துவிட்டது. அதனால் ஆல்புகர்கி நகரின் நடுவே, சென்ட்ரல் அவென்யூவும் நான்காம் தெருவும் சந்திக்கும் இடத்தில், பழைய 66-உம் புதிய 66-உம் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன.

திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் அச்சுக் கையேடு ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிறத்தில் 'ஹிஸ்டாரிக் ரூட் 66' பலகைகள் பல இடங்களில் இருக்கின்றன, ஆனால் தொடர்ச்சியாக இருக்காது. சில துண்டுகள் போய்ப் போய் வேலியில் முட்டி நின்றுவிடும். 'டெட் எண்ட்' பலகை பார்த்தால் நம்புங்கள். மேப்பை ஆஃப்லைனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அரிசோனாவிலும் மொஹாவே பாலைவனத்திலும் சிக்னல் அடிக்கடி போய்விடும்.

சிகாகோவில் தொடங்குவதா, கலிஃபோர்னியாவிலா?

சிகாகோ. பிழைப்பு தேடிப் போனவர்கள் எல்லாரும் மேற்கு நோக்கித்தான் போனார்கள். கையேடுகளும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நிலம் மாறுவதும் இந்தத் திசையில்தான் நன்றாக மனத்தில் பதிகிறது: இல்லினாயின் சோள வயல், மிசௌரியின் மரமடர்ந்த மலைகள், டெக்சஸின் தட்டை நிலம், அப்புறம் செம்பாறை, பாலைவனம், கடல். ஒரே குறை, மாலையில் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். காலையில் சீக்கிரம் கிளம்பி, நாலரை ஐந்துக்கெல்லாம் தங்குமிடம் சேர்ந்துவிட்டால் சரி.

தொடக்கப் பலகை சிகாகோவில் ஆடம்ஸ் தெருவில், மிச்சிகன் அவென்யூ அருகே இருக்கிறது. படம் எடுக்க ஞாயிறு காலை போங்கள். மற்ற நாட்களில் வண்டியை நிறுத்த இடம் தேடியே அலுத்துப்போவீர்கள்.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை. அடுத்தபடியாக ஏப்ரல், மே. மே மாதத்தில் ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கம் சூறாவளிச் சுழல்கள் அதிகம் என்பதால் தினமும் வானிலை எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம்: மொஹாவேயில் வெயில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், அரிசோனாவில் திடீர் வெள்ளமும் அந்தச் சமயத்தில்தான். குளிர்காலத்தில் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் நல்ல பனி விழும். ஊர் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது.

இந்திய லைசென்ஸில் ஓட்டலாமா? வாடகைக் கார் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சுற்றுலாவாக வருகிறவர்கள் செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸை வைத்து ஓட்டுகிறார்கள். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் அது செல்லும்.

காரை ஒரு நகரத்தில் எடுத்து வேறொரு நகரத்தில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அது கணிசமானது. முன்பதிவு செய்யும்போதே முழுத் தொகையையும் பார்த்துவிடுங்கள். இரண்டாவது ஓட்டுநர் கட்டணத்தை, கணவன் மனைவி என்றால் பல நிறுவனங்கள் தள்ளுபடி செய்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். 25 வயதுக்குக் கீழ் என்றால் கூடுதல் கட்டணம். இன்ஷூரன்ஸை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெரிய எஸ்யூவி தேவையில்லை. சாதாரண செடான் போதும். ஒரு நல்ல ஸ்டெப்னி டயர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பல புதிய கார்களில் அது இருப்பதே இல்லை.

வலப்பக்கம் ஓட்டுவது பயமாக இருக்காதா?

முதல் நாள் இருக்கும். அப்புறம் பழகிவிடும். பழைய 66-இல் பெரும்பாலும் நெரிசல் கிடையாது, அதனால் பழகுவதற்கு இதைவிட நல்ல சாலை அமையாது. ஆபத்து வருவது பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போது. ஆளில்லாத சாலையில் கை தானாக இடப்பக்கம் திருப்பும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் "வலது, வலது" என்று சொல்வதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய சில விதிகள்: நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம். சிவப்பு விளக்கில் முழுதாக நின்றுவிட்டு வலப்பக்கம் திரும்பலாம், தடைப் பலகை இல்லாவிட்டால். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றால் இரு திசையிலும் வண்டிகள் நிற்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால் காரைவிட்டு இறங்காதீர்கள். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்து உட்கார்ந்திருங்கள்.

பெட்ரோல் நீங்களே போட வேண்டும். பச்சை நிறக் கைப்பிடி பெரும்பாலும் டீசல், அதைத் தொடாதீர்கள். பம்ப் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு இந்திய கார்டை ஏற்காமல் போனால், கடைக்குள் போய்ப் பம்ப் எண்ணைச் சொல்லி முன்கூட்டியே பணம் கட்டிவிடலாம்.

எங்கே தங்குவது?

இந்தப் பயணத்தின் பாதிச் சந்தோஷம் மோட்டல்களில் இருக்கிறது. பெரிய சங்கிலி ஹோட்டல்களைப் பெரிய நகரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சின்ன ஊர்களில் பழைய மோட்டல்களில் தங்குங்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது நியூ மெக்சிகோவின் டுகும்காரியில் இருக்கும் ப்ளூ ஸ்வாலோ. 1939-இல் கட்டத் தொடங்கிய மோட்டல். அறைக்குப் பக்கத்திலேயே கார் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு சின்ன ஷெட். இருட்டியதும் நீலப் பறவை வடிவில் நியான் எரியும். தங்கியிருக்கும் எல்லாரும் அறைக்கு வெளியே உலோக நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். நியான் குழாய் லேசாக 'உய்ய்ய்' என்று ஒலிப்பது அந்த அமைதியில் காதில் விழும். 1958-இல் ஃப்ளாய்ட் ரெட்மன் என்பவர் தன் வருங்கால மனைவி லில்லியனுக்கு நிச்சயதார்த்தப் பரிசாக வாங்கிக் கொடுத்த மோட்டல் இது. லில்லியன் நாற்பது ஆண்டுகள் அதை நடத்தினார். இன்டர்ஸ்டேட் வந்து ஊரே வாடிய காலத்திலும் விளக்கை அணைக்கவில்லை. அறைகள் குறைவு, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

அரிசோனாவின் ஹோல்புரூக்கில் கூம்பு வடிவக் கான்கிரீட் குடில்களால் ஆன விக்வாம் மோட்டல் 1950-இலிருந்து இருக்கிறது. வின்ஸ்லோவில் லா போசாடா, 1930-இல் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த ரயில்வே ஹோட்டல். பணம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு நாளாவது தங்கலாம்.

நம்மவர்கள் விஷயம் ஒன்று. வழியில் பல மோட்டல்களில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் குஜராத்திக் குடும்பங்களைப் பார்ப்பீர்கள். 1970-களிலிருந்து, இன்டர்ஸ்டேட்டால் வியாபாரம் விழுந்து விலைக்கு வந்த மோட்டல்களைப் பட்டேல் குடும்பங்கள் வாங்கின. குடும்பமே அங்கேயே குடியிருந்து, தாங்களே அறையைக் கூட்டிப் பெருக்கி, துணி துவைத்து நடத்தின. போட்டிக்காரர்கள் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை மாட்டி வாடிக்கையாளரைத் திருப்பிய காலமும் இருந்தது. பழைய மோட்டல்கள் பல இன்றும் இடியாமல் நிற்பதற்கு இந்தக் குடும்பங்களும் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். சாலையின் கதையைச் சொல்கிறவர்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பெரிய நகரங்களில் பிரச்சினை இல்லை. சிகாகோ, செயின்ட் லூயிஸ், டல்சா, ஓக்லஹோமா சிட்டி, ஆல்புகர்கி எல்லாவற்றிலும் இந்திய உணவகங்கள் உண்டு. இடையில் உள்ள டைனர் என்ற சாலையோர உணவகங்களில் காலைச் சாப்பாடு நமக்கு நன்றாக ஒத்துவரும்: பான்கேக், டோஸ்ட், உருளைக்கிழங்கைத் துருவி வறுத்த ஹாஷ் பிரவுன். முட்டை சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. மதியத்துக்குச் சீஸ் சான்ட்விச், பழம் வைத்துச் சுடும் 'பை'. டெக்சஸின் ஏட்ரியன் என்ற குட்டி ஊர்தான் சாலையின் நடுப்புள்ளி. இரண்டு பக்கமும் 1,139 மைல் என்று பலகை நிற்கும். அதற்கு எதிரில் உள்ள கஃபே பைக்குப் பேர்போனது.

கேட்டுச் சாப்பிட வேண்டியது மெக்சிகன் உணவில். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். நியூ மெக்சிகோவின் பச்சை மிளகாய்க் குழம்பில் இறைச்சி கலந்திருக்கலாம். கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள். இறைச்சி இல்லாத குழம்பு கிடைத்தால் விடாதீர்கள், நம் நாக்குக்கு அந்தக் காரம் அவ்வளவு பிடிக்கும்.

இன்னொரு வழி: ஐ-40-இல் லாரி ஓட்டுகிற பஞ்சாபியர் நிறையப் பேர். அவர்களுக்காக மேற்கு ஓக்லஹோமாவிலும் டெக்சஸின் வடக்குப் பகுதியிலும் லாரி நிறுத்தங்களில் தாபாக்கள் வந்திருக்கின்றன. தகர ஷெட் மாதிரி இருக்கும் இடத்தில் சுடச்சுட ரொட்டியும் தாலும் கிடைக்கும். கூடவே ஒரு சின்ன மின்சாரக் குக்கரும் அரிசியும் ஊறுகாயும் எடுத்துப்போங்கள். சின்ன ஊர்களில் இரவு எட்டுக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள், குக்கர் கைகொடுக்கும். அறையில் சமைக்கலாமா என்று மோட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பதிகளுக்கென்று பார்க்க வேண்டிய இடம் ஏதாவது உண்டா?

ஓக்லஹோமாவின் கடூசாவில் உள்ள நீலத் திமிங்கிலம். ஹியூ டேவிஸ் என்பவர் விலங்குக் காட்சிசாலையில் வேலை பார்த்தவர். அவர் மனைவி ஜெல்டா குட்டிக் குட்டித் திமிங்கிலப் பொம்மைகளைச் சேர்த்துவைப்பார். திருமண நாள் பரிசாக, வீட்டுக் குளத்தில் சுமார் 80 அடி நீளத்துக்கு ஒரு திமிங்கிலத்தையே சிமென்ட்டில் கட்டிக் கொடுத்தார் ஹியூ. 1970-களின் தொடக்கத்தில் முடிந்தது. வாய்க்குள் நுழைந்து நடக்கலாம், பக்கத்தில் சறுக்குமரமும் உண்டு. சிரித்த முகம், தலையில் சின்னத் தொப்பி. மனைவிக்காகச் செய்ததில் ஊர்ப் பிள்ளைகள் குதித்து நீந்த ஆரம்பித்து, அது பொது இடமாகவே மாறியது. இப்போது குளத்தில் நீந்த அனுமதி இல்லை. திமிங்கிலத்தின் உள்ளே கம்பியும் சிமென்ட்டும் கையால் இழைத்த தடம் தெரிகிறது. அவசியம் உள்ளே போய்ப் பாருங்கள்.

யாரும் அதிகம் சொல்லாத இடம் எது?

மயாமி, ஆஃப்டன் என்ற இரண்டு ஓக்லஹோமா ஊர்களுக்கு நடுவே ஒன்பதடி அகலச் சாலை ஒன்று இருக்கிறது. ரூட் 66 பிறப்பதற்கு முன்பே, 1922-இல் போட்டது. பிறகு 66-இன் பகுதியாகி 1937 வரை ஓடியது. பணம் போதாததால் முழு அகலம் போடாமல் பாதி அகலத்தில் அதிகத் தூரம் போட்டார்கள் என்று அங்கே கதை சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் விளிம்பு, நடுவே உதிர்ந்துபோன தார், அதன் மேல் சரளை. எதிரே வண்டி வந்தால் இருவரும் ஒரு சக்கரத்தைப் புல்லில் இறக்க வேண்டும். எங்கள் கார் அகலத்துக்கும் சாலை அகலத்துக்கும் வித்தியாசம் சில அடிதான். இறங்கி அந்த விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்தோம். நூறு ஆண்டு வெயில் மழைக்கும் நேராக நிற்கிறது. நாடு முழுக்கப் பேர்வாங்கிய நெடுஞ்சாலை எந்த நிலையிலிருந்து தொடங்கியது என்பதை எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மழை நாளில் போகாதீர்கள், சேறாகிவிடும்.

கான்சஸில் மொத்தமே 13 மைல்தான் சாலை. அதைச் சிலர் தவிர்த்துவிடுகிறார்கள். 1923-இல் கட்டிய வெள்ளை வளைவுப் பாலத்துக்காகவாவது போங்கள், காரிலேயே கடக்கலாம். மிஸிஸிப்பி ஆற்றின் மேல் நிற்கும் செயின் ஆஃப் ராக்ஸ் பாலம் (1929) நடுவில் திடீரென்று வளையும். அது இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டும். ஒரு மைல் நீளம். போக வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் லீவு கிடைக்காது. ஒரு பகுதி மட்டும் என்றால் எது?

யோசிக்கவே வேண்டாம்: அரிசோனாவில் செலிக்மனிலிருந்து கிங்மன், ஓட்மன் வழியாக டோபாக் வரை. ஏறக்குறைய 140 மைல், இன்டர்ஸ்டேட்டில் ஏறாமலேயே தொடர்ச்சியாகப் பழைய சாலை. லாஸ் வேகஸிலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ இரண்டு மூன்று நாளில் போய்வரலாம்.

செலிக்மன் முடிதிருத்துபவர் ஏஞ்சல் டெல்கடீயோ இல்லாவிட்டால் இன்று நாம் பேச எதுவுமே மிஞ்சியிருக்காது. 1978-இல் ஐ-40 திறந்த நாளே ஊர் வழியாகப் போன வண்டிகள் நின்றுபோயின. அவர் ஊர்க்காரர்களைக் கூட்டி 1987-இல் ஒரு சங்கம் அமைத்தார். இந்தச் சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்கும்படி அரிசோனா அரசை விடாமல் கேட்டார். அந்த ஆண்டே அறிவிப்பு வந்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற மாநிலங்களிலும் சங்கங்கள் கிளம்பின. அவருடைய கடை இப்போதும் இருக்கிறது.

கிங்மனைத் தாண்டி ஓட்மனுக்கு ஏறும் மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகளால் ஆனது, பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. வால்பாறை ஏறிப் பழகியவர்களுக்குக் கை நடுங்காது. பழைய கார்களில் பெட்ரோல் புவியீர்ப்பில்தான் எஞ்சினுக்கு இறங்கும் என்பதால், அன்று சிலர் இந்த மேட்டை ரிவர்ஸில் ஏறினார்கள். நீளமான வண்டிகளுக்கு இங்கே அனுமதி இல்லை. ஓட்மனில் தங்கச் சுரங்கக் காலத்துக் கழுதைகளின் வாரிசுகள் தெருவில் திரியும், கார் கண்ணாடிக்குள் தலையை நீட்டும். கடைகளில் விற்கும் தீவனத்தைத் தவிர வேறெதையும் கொடுக்காதீர்கள்.

கிராண்ட் கேன்யனையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கண்டிப்பாக. வில்லியம்ஸிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம்; ரயிலிலும் போகலாம். ஒரு இரவாவது தங்குங்கள். 2026-லிருந்து அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குப் பெரிய தேசியப் பூங்காக்களில் கட்டணம் கூடுதல், அதனால் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் பாருங்கள். வழியிலேயே இருக்கும் பெட்ரிஃபைட் ஃபாரஸ்டையும் விடாதீர்கள். ரூட் 66-இன் துண்டு ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரே தேசியப் பூங்கா அது. சாலை இருந்த இடத்தில் 1932 மாடல் ஸ்டூட்பேக்கர் கார் ஒன்றைத் துருப்பிடித்தபடி நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் பழைய தந்திக் கம்பங்கள் வரிசையாகப் போகின்றன.

பாலைவனப் பகுதி ஆபத்தா?

கவனமாக இருந்தால் இல்லை. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் காரில் எப்போதும் இருக்கட்டும். கலிஃபோர்னியாவின் நீடில்ஸ் ஊரில் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கும் பார்ஸ்டோவுக்கும் நடுவே பழைய சாலையில் மரப்பாலங்கள் வெள்ளத்தில் பழுதாகி, சில துண்டுகள் நீண்டகாலமாக மூடிக்கிடக்கின்றன. எது திறந்திருக்கிறது என்று சான் பெர்னார்டினோ மாவட்டத்தின் சாலைத் துறைத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். 'சாலை மூடல்' பலகையைச் சுற்றிக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். ஆம்பாயில் ராய்ஸ் என்ற மோட்டலின் பெரிய பலகை (1959) அந்த வெறுமைக்கு நடுவே ஓங்கி நிற்கும். கலிஃபோர்னியா எல்லையில் பழங்கள் இருக்கிறதா என்று கேட்பார்கள், இருந்தால் சொல்லிவிடுங்கள்.

நம் நிறத்தவருக்குப் பாதுகாப்பா?

எங்களிடம் எல்லாரும் அன்பாகவே பேசினார்கள். பெண்களும் தயங்காமல் போகலாம். ஆனால் இந்தச் சாலை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சாலை போகும் மாவட்டங்களில் ஏறக்குறைய பாதியில், சூரியன் மறைந்தபின் கறுப்பினத்தவர் ஊருக்குள் இருக்கக் கூடாது என்ற கொடுமை ஒருகாலத்தில் நடந்தது. படுக்க அறை கிடைக்காது, பெட்ரோல் கிடைக்காது, கழிப்பறைகூடக் கிடைக்காது. நியூயார்க்கில் வசித்த தபால்காரர் விக்டர் கிரீன், எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்காக 1936-இலிருந்து ஒரு கையேட்டை வெளியிட்டார். கிளம்பும்போதே குடும்பங்கள் சாப்பாட்டையும் போர்வையையும் கூடுதல் பெட்ரோலையும் காரில் ஏற்றிக்கொண்டன.

ஓக்லஹோமாவின் லூதர் அருகே த்ரெட் என்ற கறுப்பினக் குடும்பம் நடத்திய கல் கட்டடப் பெட்ரோல் பங்க் இன்றும் நிற்கிறது. டல்சாவில் கிரீன்வுட் பகுதியை அவசியம் பாருங்கள். கறுப்பினத்தவரின் செழிப்பான அந்தக் கடைவீதியை 1921-இல் வெள்ளைக் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. அருங்காட்சியகத்தில் அரை நாள் போகும். நியானையும் பழைய கார்களையும் மட்டும் படம்பிடித்துக்கொண்டு வந்தால் சாலையின் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

இவ்வளவு நாள் ஒரே காரில் இருந்தால் சண்டை வராதா?

வரும். பெரும்பாலும் வழி தவறும்போதும் பசிக்கும்போதும் வரும். ஓட்டுகிறவர், வழி சொல்கிறவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள். ஓட்டத் தெரிந்தும் ஒருவரே முழுத் தூரமும் ஓட்டுவது சரியில்லை. ஓட்டாதவருக்கு இது வெறும் உட்கார்ந்திருக்கும் பயணமாகிவிடும். என் மனைவி கையேட்டை மடியில் வைத்து, அடுத்த திருப்பத்தோடு அந்த இடத்தின் கதையையும் படித்துச் சொல்வாள். ஓட்மன் மலையை ஏற்றியதும் அவள்தான். ஆளுக்கு ஒரு நாளில் ஒரு நிறுத்தம், ஏன் என்று கேட்காமல் மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அவள் நிறுத்தச் சொன்ன இடங்கள்தான் பெரும்பாலும் நல்ல இடங்களாக அமைந்தன.

பாட்டு, பேச்சு எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும் நேரமும் வேண்டும். டெக்சஸ் தட்டை நிலத்தில் அதற்கு நிறைய வாய்ப்பு.

சாலை எங்கே முடிகிறது? கடைசி நாளை எப்படி வைத்துக்கொள்வது?

1936-இலிருந்து அதிகாரபூர்வ முடிவு சாண்டா மோனிகாவில் லிங்கன், ஒலிம்பிக் என்ற இரண்டு சாலைகள் சந்திக்கும் இடம். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாரும் படம் எடுக்கும் பலகை கடற்கரைப் பாலத்தின் மேல் இருக்கிறது, 2009-இல் வைத்தது. சான் பெர்னார்டினோவிலிருந்து கடல் வரை முழுக்க நகரம், சிக்னல் மேல் சிக்னல். பசடீனா வரை பழைய சாலையில் வந்து, 1940-இல் திறந்த அரோயோ செகோ பார்க்வேயில் லாஸ் ஏஞ்சலஸுக்குள் இறங்குங்கள். இந்தத் துண்டைக் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கினால் அலுவலக நெரிசல் குறைவு. அதே நாளில் விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். சாண்டா மோனிகாவில் ஒரு இரவு தங்கிவிட்டு, மறுநாள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் நிரப்பி, அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காரைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும் முன் காரின் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரளைக் கல் பட்ட கீறல்களைப் பற்றிக் கேள்வி வந்தால் உதவும்.